வில்லங்கச் சான்றில் வாராத வாரிசுகள்: காரைக்கால் வீடுகளின் வரலாறும் முதல் வீடு வாங்குவோரும்

குரும்பகரத்தில் ஓடு வேய்ந்த பழைய வீடு ஒன்றை வாங்க எண்ணிய என் மைத்துனர், ஒரு துணிப்பையோடு என்னிடம் வந்தார். பைக்குள் மூன்று காலத்துத் தாள்கள் இருந்தன. அடியில், பிரெஞ்சு மொழியில் கையால் எழுதப்பட்ட நகல் ஒன்று. அதன்மேல், 1970களில் தமிழில் எழுதிப் பதிவான கிரயப் பத்திரம். எல்லாவற்றிற்கும் மேலே, அண்மையில் பெற்ற வில்லங்கச் சான்று. அந்தச் சான்றில் எந்த வில்லங்கமும் இல்லை. "எல்லாம் தெளிவாகத்தானே இருக்கிறது, மச்சான்? அச்சாரம் கொடுத்துவிடலாமா?" என்று கேட்டார்.

சான்று தெளிவாகத்தான் இருந்தது. 1970களில் வீட்டை வாங்கியவர் மவ்த்தாகிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. அவருக்கு மனைவியும் இரு மகன்களும் ஒரு மகளும் வாரிசுகள். மகள் பிரான்சில் குடியிருக்கிறார். இளைய மகன் தந்தைக்குப் பின் இறந்துவிட்டார். அவருக்கு மனைவியும் பருவம் எய்தாத இரு ஆண் குழந்தைகளும் உள்ளனர். விற்க முன்வந்தவர்கள் மூத்த மகனும் அவருடைய தாயாருமே. தங்கைக்கு நிக்காஹின்போதே நகை போட்டாயிற்று என்றும், தம்பி பிள்ளைகளுக்காக அவர்களின் தாய் கையெழுத்திடுவார் என்றும் அவர்கள் சொன்னார்கள். இவற்றுள் ஒன்றுகூட வில்லங்கச் சான்றில் வராது. பதிவு அலுவலகத்தில் பதிவான பத்திரங்களை மட்டுமே அது காட்டும். ஒருவரது மரணம் பத்திரமாகப் பதிவாவதில்லை. மரணத்தின் மறுகணமே வாரிசுகளுக்கு உரிமையாகிவிடும் பங்குகளும் அவ்வாறே.

அந்த இரு குழந்தைகளைப் பற்றிக் கேட்டபோது, மதீனாவில் முதன்முதலாக நிகழ்ந்த நிலக் கொள்முதல் என் நினைவுக்கு வந்தது. 622ஆம் ஆண்டு ஹிஜ்ரத் செய்து மதீனா வந்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் ஒட்டகம் மண்டியிட்ட இடம், பேரீச்சம் பழங்களை உலர்த்தும் ஒரு களம். அது ஸஹ்ல், ஸுஹைல் என்னும் இரண்டு அநாதைச் சிறுவர்களுக்கு உரியது. அஸ்அத் இப்னு ஸுராரா (ரலி) அவர்களின் பொறுப்பில் அச்சிறுவர்கள் வளர்ந்து வந்தனர். இடத்தை விலையின்றித் தர அவர்கள் முன்வந்தபோதும் நாயகம் (ஸல்) அவர்கள் அதை ஏற்கவில்லை. விலை கொடுத்தே வாங்கினார்கள். மஸ்ஜிதுந் நபவியும் அதனை ஒட்டிய எளிய இல்லங்களும் அந்த நிலத்தில்தான் எழுந்தன. அவை கட்டி முடியும்வரை அபூ அய்யூப் அல்அன்ஸாரி (ரலி) அவர்களின் வீட்டில் நாயகம் (ஸல்) தங்கியிருந்தார்கள். பள்ளிவாசலுக்கான இடம்; தருவோரும் மனமுவந்து தருகின்றனர்; ஆயினும் உரியவர்கள் சிறுவர்கள் என்பதால் அங்கே அன்பளிப்புக்கு இடமில்லாமற் போயிற்று.

நம் நாட்டு நீதிமன்ற வரலாற்றில் இதே கேள்வி 1918ஆம் ஆண்டு இலண்டன் பிரிவி கவுன்சிலின் முன் வந்தது. இமாம்பந்தி எதிர் முத்ஸத்தி என அறியப்படும் அவ்வழக்கில், கணவரை இழந்த பெண் ஒருவர் தம் சிறு பிள்ளைகளின் பங்கையும் சேர்த்து விற்றிருந்தார். தீர்ப்பை எழுதியவர் இஸ்லாமியச் சட்ட அறிஞரான சையத் அமீர் அலி. பிள்ளைகளை வளர்க்கும் உரிமை தாய்க்கு உண்டு. ஆனால் அவர்களது நிலத்தையும் வீட்டையும் விற்கும் அதிகாரம் அவருக்கு இல்லை. அவ்விற்பனை பிள்ளைகளைக் கட்டுப்படுத்தாது என்று தீர்ப்பாயிற்று. தந்தை, தந்தையால் உயில் வழி நியமிக்கப்பட்டவர், தந்தைவழிப் பாட்டனார், அவரால் நியமிக்கப்பட்டவர் ஆகியோரே சொத்துக்குரிய சட்டப் பாதுகாவலர்கள். இவர்களுள் எவரும் இல்லையெனில் 1890ஆம் ஆண்டுப் பாதுகாவலர் சட்டத்தின்படி நீதிமன்றம் ஒருவரை நியமிக்க வேண்டும். விற்பதற்கும் அந்த நீதிமன்றத்திடமே முன் அனுமதி பெற வேண்டும். 1996ஆம் ஆண்டு இந்திய உச்ச நீதிமன்றமும் இந்நிலையையே உறுதி செய்தது. பெரிய தந்தையோ தாய்மாமனோ கையெழுத்திட்டாலும் அது செல்லாது. இன்று பால் குடிக்கும் குழந்தை இருபது ஆண்டுகள் கழித்து வந்து "என் பங்கு எங்கே?" என்று கேட்டால், வாங்கியவர்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

பங்கு எவ்வளவு என்பதையும் கணக்கிட்டுப் பார்த்தேன். தந்தையின் வீட்டை நாற்பது பங்காக்கினால் மனைவிக்கு 5, மகன் ஒவ்வொருவருக்கும் 14, மகளுக்கு 7. இளைய மகனின் 14 பங்கு அவர் இறந்தபின் மீண்டும் பிரியும்: அவருடைய தாய்க்கு ஆறில் ஒன்று, மனைவிக்கு எட்டில் ஒன்று, எஞ்சியது இரு சிறுவர்களுக்கு. ஆக, ஏறத்தாழ வீட்டின் கால் பகுதி அச்சிறுவர்களுடையது. மூத்தவரும் தாயாரும் மட்டும் கையெழுத்திட்டிருந்தால், என் மைத்துனர் முழு விலை கொடுத்துப் பாதி வீட்டைச் சற்று விஞ்சிய பங்கை மட்டுமே வாங்கியிருப்பார். நகை போட்டுவிட்டோம் என்னும் வாதத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். திருமணத்தின்போது தந்தை கொடுத்தது அன்பளிப்பு. மீராஸ் என்பது இறைவன் விதித்த பங்கு. ஒன்று மற்றொன்றைக் கழிக்காது. சகோதரி விரும்பி விட்டுக்கொடுத்தால், அதை விடுதலைப் பத்திரமாக எழுதிப் பதிவு செய்யலாம். அவரைக் கேளாமலே விட்டுக்கொடுத்ததாகக் கொள்வது நம் குடும்பங்களில் நெடுநாளாய் இருந்துவரும் அநீதி.

இனி, பைக்குள் அடியில் இருந்த பிரெஞ்சுத் தாளுக்கு வருவோம். இதைக் கண்டு அஞ்சுவோரும் உண்டு. வெறும் நகல்தானே என்று அலட்சியம் செய்வோரும் உண்டு. காரைக்காலின் வரலாறு தெரிந்தால் இரண்டும் நேராது.

தஞ்சை மராட்டிய மன்னரிடம் விலை பேசி, 1739 பிப்ரவரி 14 அன்று பிரெஞ்சுக்காரர்கள் காரைக்காலைக் கைக்கொண்டனர். பின்னர் பிரதாபசிங் மன்னர் காலத்தில் சுற்றுப்புற ஊர்கள் பலவும் அவர்களிடம் சேர்ந்தன. இடையிடையே ஆங்கிலேயர் பிடித்ததும் 1817இல் திருப்பிக் கொடுத்ததும் தனிக்கதை. நமக்கு வேண்டியது 1819 ஜனவரி 6ஆம் நாள் பிறந்த ஆணை. பிரெஞ்சு உரிமையியல் சட்டத் தொகுப்பு அதன்வழி இங்கே நடைமுறைக்கு வந்தது. ஆனால் இந்துக்களும் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் தத்தம் வழக்கப்படியே தீர்ப்புப் பெறுவர் என்றும் அதே ஆணை சொன்னது. ஆகவே விற்பனையைப் பதிந்த முறை பிரெஞ்சுக்காரர்களுடையது. மரித்தவரின் சொத்து பிரிந்த முறை ஷரீஅத்தினுடையது. ஒரே வீட்டின் மேல் இரு சட்டங்கள் இவ்வாறு நூறாண்டுக்கும் மேல் இணைந்து நடந்தன.

பிரெஞ்சு முறையில் முறையான பத்திரம் 'நொத்தேர்' எனப்படும் அதிகாரியின் முன் எழுதப்பட்டது. அவர் வெறும் சான்றொப்பம் இடுபவர் அல்லர். பத்திரத்தை வரைபவரும் காப்பவரும் அவரே. மூலப்படி, 'மினுத்' என்ற பெயரில், அவரிடமே தங்கிவிடும். வாங்கியவருக்குக் கிடைப்பது முத்திரையிட்ட நகல் மட்டுமே. ஆங்கிலேயர் ஆண்ட பகுதிகளில் மூலப் பத்திரம் வாங்கியவர் கைக்கு வரும். நகல் பதிவு அலுவலகப் புத்தகத்தில் இருக்கும். நாகப்பட்டினத்தவர் ஒருவர் காரைக்கால் வீட்டுப் பத்திரத்தைப் பார்த்து "மூலம் எங்கே, வங்கியில் அடகா?" என்று ஐயுறுவது இந்த வேற்றுமை அறியாமையால்தான். பிரெஞ்சுக் காலப் பத்திரத்துக்கு அந்த ஐயம் பொருந்தாது. ஆனால் அதற்குப் பிற்காலத்துப் பத்திரத்தின் மூலம் காணாமற் போயிருந்தால் அதே ஐயம் மிகவும் பொருந்தும். வங்கியிலோ தனியாரிடமோ ஈடாக வைக்கப்பட்டுள்ளதா என்று விசாரித்தே தீர வேண்டும்.

1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் நடந்த வாக்கெடுப்பில் 178 பிரதிநிதிகளுள் 170 பேர் இந்தியாவுடன் இணைய இசைந்தனர். நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறிற்று. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான் நிறைவேறியது. சொத்துரிமை மாற்றுச் சட்டம், பதிவுச் சட்டம், முஸ்லிம்களுக்கான 1937ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டம் முதலியவை இங்கே நீட்டிக்கப்பட்டதோ 1968ஆம் ஆண்டின் நாடாளுமன்றச் சட்டத்தால். எனவே காரைக்காலின் பழைய வீட்டுக்கு முப்பதாண்டு வில்லங்கம் மட்டும் எடுத்தால் போதாது. உரிமை எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்குப் போயிற்று என்பதைப் பிரெஞ்சுப் பத்திரம்வரை தொடர்பு அறாமல் பார்க்க வேண்டும். அந்தத் தாளை மொழிபெயர்க்க ஆகும் செலவு, வீட்டு விலையோடு ஒப்பிட்டால் மிகச் சிறிது.

அத்தாளைப் படிக்கும்போது சில பெயர்கள் தடுமாற வைக்கும். 'கிராந்த் அல்தே' என்றிருப்பது நம் திருமலைராயன்பட்டினம். மரைக்காயர் என்னும் பெயர் பிரெஞ்சு எழுத்தில் 'மரேக்கார்' என்றாகியிருக்கும். ஒரே மனிதரின் பெயர் மூன்று தாள்களில் மூன்று விதமாக இருந்தால், மூவரும் ஒருவரே என்பதற்கு ஆதாரம் வேண்டும். அளவிலும் கவனம் வேண்டும். தஞ்சைப் பகுதியில் ஒரு குழி 144 சதுர அடி, நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. புதுச்சேரிப் பக்கத்துக் குழியோ 576 சதுர அடி. புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் வருவாய்ப் பதிவேடுகளில் ஹெக்டேர், ஆர், சென்டியார் என்ற பிரெஞ்சு அளவே இன்றும் நிலவுகிறது. ஓர் ஆர் 100 சதுர மீட்டர். சென்டியார் ஒரு சதுர மீட்டர். பத்திரத்தில் மறுஅளவை எண்ணோடு பழைய 'கதாஸ்தர்' எண்ணும் காணப்படும். இரண்டும் ஒரே மனையைக் குறிக்கின்றனவா என்று வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நன்று. தமிழ்நாட்டுப் பதிவுத்துறையின் இணையத் தளத்தில் காரைக்கால் ஊர்களைத் தேடிச் சோர்ந்தவர்களை நான் அறிவேன். அவை அங்கே இரா. புதுச்சேரி அரசின் பதிவுத்துறையையும் வருவாய்த்துறையையுமே நாட வேண்டும்.

பிரெஞ்சு ஆட்சி நமக்கு விட்டுச்சென்ற மற்றொன்று, கடல் கடந்து சிதறிய வாரிசுகள். காரைக்கால், புதுச்சேரி முஸ்லிம்கள் பலர் அன்றைய பிரெஞ்சு இந்தோசீனாவுக்கு வாணிகத்துக்கும் அரசு வேலைக்கும் சென்றனர். சைகோன் நகரின் நடுவே தென்னிந்திய முஸ்லிம்கள் 1935இல் கட்டிய பள்ளிவாசல் இன்றும் நிற்கிறது. இணைப்பின்போது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்களும், 1975க்குப் பின் சைகோனை விட்டுப் பிரான்சுக்குப் போனவர்களும் உண்டு. ஆகவே காரைக்காலில் வீடு வாங்குவோர், பாரிசில் இருக்கும் ஒரு மகளையோ பேரனையோ தேட நேர்வது புதுமையன்று. 1881 செப்டம்பர் 21 ஆணையின்படி தம் சமயவழிச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்ற 'ரெனோன்சான்' குடும்பங்களும் இம்மண்ணில் உள்ளன. அவர்களிடம் வீடு வாங்கினால் பங்கீடு வேறு; 1968ஆம் ஆண்டு நீட்டிப்பு அவர்களை விலக்கியே வைத்தது. விற்பவர் குடும்பம் எந்தச் சட்டத்துக்கு உட்பட்டது என்று கேட்பதில் தவறில்லை.

வெளிநாட்டில் இருப்பவர் அதிகாரப் பத்திரம் அனுப்பி விற்கலாம். அது அங்கே முறையாகச் சான்றளிக்கப்பட்டிருக்க வேண்டும். இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதங்களுக்குள் முத்திரைத் தீர்வை செலுத்தப்பட வேண்டும். கொடுத்தவர் இறந்துவிட்டால் பொதுவாக அந்த அதிகாரமும் முடிந்துவிடும். எனவே பதிவு நாளில் அவர் உயிரோடு இருப்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். கேட்கக் கூச்சமாக இருந்தாலும் கேளுங்கள். அதிகாரப் பத்திரமே கிரயம் ஆகாது என்று 2011இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. விற்பவர் வெளிநாடு வாழ்பவரானால், விலையில் வருமான வரியைப் பிடித்துச் செலுத்தும் கடமை வாங்குபவருடையது. உள்நாட்டவரிடம் 50 லட்சத்துக்கும் அதற்கு மேலும் வாங்கும்போது பிடிக்கும் 1 விழுக்காடு என்னும் கணக்கு அங்கே பொருந்தாது. இதை அறியாமல் முழுத் தொகையையும் கொடுத்துவிட்டால், வரித்துறை கேட்கப்போவது வாங்கியவரைத்தான்.

நம் கடலோர ஊர்களுக்கே உரிய இன்னொரு சிக்கல் ஹிபா. மகளுக்கு வீடு கொடுக்கும் வழக்கம் காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் வேரூன்றியது. நம் பக்கத்திலும் அது உண்டு. கொடுப்பவர் சொல்ல, பெறுபவர் ஏற்க, வீடு அவர் வசம் ஒப்படைக்கப்பட்டால் ஹிபா நிறைவேறிவிடும். எழுத்து கட்டாயமில்லை. சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 129ஆம் பிரிவு முஸ்லிம்களின் இந்த வழக்கத்தைக் காப்பாற்றுகிறது. ஹபீஸா பீபி எதிர் ஷேக் ஃபரீத் வழக்கில், எழுதி வைத்தும் பதியாத ஹிபாவும் செல்லும் என்று 2011இல் உச்ச நீதிமன்றம் கூறிற்று. வீட்டைப் பெற்ற பெண்ணுக்கு இது பெரும் காப்பு. ஆனால் வாங்க வருபவருக்கோ, எந்த அலுவலகத்திலும் கண்ணில் படாத உரிமை. வீட்டில் யார் குடியிருக்கிறார்கள், எந்த உரிமையில் குடியிருக்கிறார்கள், வீட்டு வரி யார் பெயரில் உள்ளது என்பவற்றை நேரில் சென்று கேட்டால்தான் தெரியும். பெண்களிடமும் கேட்க வேண்டும். ஆண்கள் திண்ணையில் சொல்லும் கதையும் பெண்கள் அடுப்படியில் சொல்லும் கதையும் எப்போதும் ஒன்றாயிருப்பதில்லை. மகளுக்கு வீடு கொடுப்போர், கட்டாயமில்லை என்றாலும், எழுதிப் பதிந்துவிடுவதே நல்லது. கடனை எழுதிவைக்கவும் சாட்சி வைக்கவும் பணிக்கும் வசனம் குர்ஆனிலேயே மிக நீண்ட வசனமாக, அல்பகராவின் 282ஆவது வசனமாக, அமைந்திருப்பதை நாம் அறிவோம்.

வக்ஃபு நிலத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பள்ளிவாசலுக்கோ தர்காவுக்கோ விடப்பட்ட மனையை எத்தனை தலைமுறை அனுபவித்தவரும் விற்க முடியாது. 2013ஆம் ஆண்டுத் திருத்தம் அத்தகைய விற்பனைக்கு வெளிப்படையாகவே தடை விதித்தது. பத்திரத்தின் நான்கெல்லை விவரத்தில் பள்ளிவாசல் நிலமோ அடக்கத்தலமோ தென்பட்டால், மஹல்லா ஜமாஅத்தின் பதிவேட்டையும் வக்ஃபு வாரியப் பட்டியலையும் பார்த்துவிட்டே மேலே செல்ல வேண்டும்.

அச்சாரத்தைப் பற்றி என் மைத்துனர் கேட்டதற்கும் வரலாற்றில் ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. கலீஃபா உமர் (ரலி) அவர்களின் மக்கா ஆளுநர் நாஃபிஉ, ஸஃப்வான் இப்னு உமய்யாவிடமிருந்து சிறைக்கூடத்துக்காக ஒரு வீட்டை வாங்கினார். உமர் (ரலி) ஒப்பினால் விற்பனை நிற்கும். இல்லையேல் ஸஃப்வானுக்கு நானூறு சேரும் என்பது பேச்சு. இச்செய்தியைக் கொண்டு ஹன்பலி மத்ஹபினர், வாங்குபவர் பின்வாங்கினால் அச்சாரத்தை விற்பவர் வைத்துக்கொள்ளலாம் என்றனர். ஷாஃபிஈ, ஹனஃபி, மாலிகி அறிஞர்கள் அதை ஏற்கவில்லை. நம் கடற்கரையில் பெரும்பாலோர் ஷாஃபிஈக்கள். ஆயினும் அச்சாரத்தை விழுங்கிக்கொள்வதை மார்க்கத்தில் எவ்விதத் தடையும் இல்லாதது போலவே நடத்துகிறோம். விற்பனை நின்றால் பணம் எவருக்கு, எத்தனை நாளில் திரும்ப வேண்டும், வாரிசுகளின் கையெழுத்து வாராமற் போனால் என்ன செய்வது என்பவற்றை ஒப்பந்தத்தில் எழுதிக்கொண்டால் மார்க்கத்துக்கும் நட்புக்கும் பழுது வராது. எல்லா வாரிசுகளும் இன்னார் என்று தெரியும்வரை பெருந்தொகை கொடுக்க வேண்டாம் என்றே நான் சொன்னேன்.

அண்டை வீட்டாரை ஒருமுறை சென்று பார்க்கவும் சொன்னேன். ஸஹாபி அபூ ராஃபிஉ (ரலி) தம் வீட்டுப் பகுதிகள் இரண்டை ஸஅத் இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்களுக்கு விற்ற நிகழ்ச்சி புகாரியில் உள்ளது. வேறொருவர் ஐந்நூறு தீனார் தருவதாக இருந்தும், அண்டை வீட்டாரின் உரிமை குறித்து நாயகம் (ஸல்) சொன்னதைக் கேட்டிருந்ததனால், குறைந்த விலையான நாலாயிரத்துக்கு, அதுவும் தவணையாக, ஸஅதுக்கே அவர் விற்றார். சட்டத்தில் இது 'ஷுஃப்ஆ' எனப்படும். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவ்வுரிமையைக் கூட்டுப் பங்காளிக்கு மட்டுமே தந்தார். மதராஸ் உயர் நீதிமன்றமோ 1870இலேயே அதை நீதிமன்றம் வழி நிலைநாட்ட மறுத்துவிட்டது. ஆகவே அண்டை வீட்டார் வழக்குத் தொடுப்பார் என்னும் அச்சம் இங்கே தேவையில்லை. ஆனால் பொதுச் சுவர் யாருடையது, மழைநீர் எந்தப் பக்கம் வடிகிறது, கொல்லைப்புறப் பாதையில் யாருக்கு நடையுரிமை உண்டு என்பவற்றை எந்தப் பத்திரத்தையும்விட அவர்களே நன்கு அறிவார்கள். டெல்டா மண்ணில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் தண்ணீர் எங்கே தேங்கும் என்பதையும் அவர்களே சொல்வார்கள்.

குரும்பகரத்து வீட்டுக்கு மொத்தம் பதினான்கு மாதங்கள் ஆயின. பிரான்சில் இருந்த சகோதரியைத் தொலைபேசியில் அழைத்தபோது, வீடு விலைபோவதையே அப்போதுதான் அறிந்தார். அவர் விட்டுக்கொடுக்க விரும்பவில்லை. அவருக்குரிய நாற்பதில் ஏழு பங்கின் விலை, வரி பிடித்தம் போக, அவர் கணக்கிலேயே செலுத்தப்பட்டது. சிறுவர்களுக்காக அவர்களின் தாயையே பாதுகாவலராக நீதிமன்றம் நியமித்தது. விற்க அனுமதி கிடைக்கச் சில மாதங்கள் சென்றன. அவர்களின் பங்குத் தொகை அவர்கள் பருவம் எய்தும்வரை வங்கி வைப்பில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. இடையில் மூத்தவர் இருமுறை சினந்து, வேறொருவருக்கு விற்றுவிடுவேன் என்றார். அந்த வேறொருவரும் இதே கேள்விகளைத்தான் கேட்டாராம். பதிவு முடிந்த வாரத்திலேயே பட்டா மாற்றத்துக்கும், கொம்யூன் பஞ்சாயத்தில் வீட்டு வரிப் பெயர் மாற்றத்துக்கும், மின் இணைப்புக்கும் விண்ணப்பித்தாயிற்று. பிரெஞ்சு நகலையும் அதன் தமிழ் மொழிபெயர்ப்பையும் ஒரே உறையில் இட்டு, எல்லா வாரிசுகளின் பெயர்களையும் பங்குகளையும் ஒரு தாளில் எழுதி அதனுடன் சேர்த்து வைத்திருக்கிறார் என் மைத்துனர்.